சென்மப்பாவமும் சாதித் தீட்டும்

எழுமலை, உசிலம்பட்டி, பேரையூர் பக்கம் நாம் நடத்தும் படிப்பு வட்டங்களில் ஒரு கேள்வி விடாமல் வருகிறது. பிறப்பிலேயே இழிவு என்று சொல்வது மனுதர்மம் மட்டும்தானா? கிறித்தவமும் பிறக்கிற பிள்ளையைப் பாவி என்றுதானே சொல்கிறது? அப்படியானால் நம் பாட்டன் பூட்டன்மார் ஞானஸ்நானம் வாங்கி என்ன கண்டார்கள்?

நியாயமான கேள்வி. இதற்கு "எல்லா மதமும் ஒன்றுதான்" என்று பதில் சொல்லிவிட்டு எழுந்து போவது எளிது. ஆனால் அந்தப் பதில் வரலாற்றைப் படிக்கவிடாமல் செய்துவிடும். பிறவியிலேயே வரும் கறை என்ற இரண்டு கருத்துகள், ஆதாமின் பாவமும் சாதியின் தீட்டும், 400 ஆண்டுகளுக்கு முன்பு நம் மதுரையில்தான் நேருக்கு நேர் சந்தித்தன. அந்தச் சந்திப்பில் எது ஜெயித்தது, எது தோற்றது, அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பது இன்றைக்கும் முடியாத கதை.

நாம் சொல்ல வருவதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆதாமின் பாவம் மனிதர் அத்தனை பேர் மேலும் சுமத்தப்பட்டது. தண்ணீர் ஊற்றினால் போய்விடும் என்றும் சொல்லப்பட்டது. சாதித் தீட்டு சிலர் மேல் மட்டும் சுமத்தப்பட்டது. எந்தத் தண்ணீரிலும் போகாது என்று சொல்லப்பட்டது. இரண்டும் ஒரே கோயிலுக்குள் வந்தபோது, திருச்சபை முதலாவதைக் கழுவியது. இரண்டாவதற்குச் சுவர் கட்டிக் கொடுத்தது.

பாவம் எப்படிப் பிறவிச் சொத்தானது?

பைபிளின் முதல் புத்தகத்தில் ஆதாமும் ஏவாளும் விலக்கப்பட்ட கனியைத் தின்கிறார்கள், தோட்டத்திலிருந்து வெளியேற்றப்படுகிறார்கள். அந்தக் கதையில் 'சென்மப்பாவம்' என்ற சொல் இல்லை. பின்னால் வந்த பவுல், உரோமையருக்கு எழுதிய கடிதத்தின் 5-ஆம் அதிகாரத்தில், ஒரு மனிதனால் பாவம் உலகத்துக்குள் வந்தது என்று எழுதினார். அதை ஒரு முழுக் கோட்பாடாகக் கட்டியவர் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயர் அகுஸ்தீன் (354–430). இன்றைய அல்ஜீரியாவில் பிறந்தவர்.

அகுஸ்தீன் வாசித்தது லத்தீன் மொழிபெயர்ப்பு. கிரேக்க மூலத்தில் 'எல்லாரும் பாவம் செய்ததால்' என்று பொருள்படும் இடம், லத்தீனில் 'அவனுக்குள் எல்லாரும் பாவம் செய்தார்கள்' என்று படும்படி அமைந்திருந்தது. ஒரு சிறு தொடரின் பொருள் மாறியதில் பெரிய கோட்பாட்டுக்குத் துணை கிடைத்தது. ஆதாமின் உடலுக்குள் மனித குலம் முழுவதும் விதையாக இருந்தது, ஆகவே அவன் செய்த குற்றத்தில் எல்லாருக்கும் பங்கு உண்டு என்றார் அகுஸ்தீன். அந்தக் குற்றம் பெற்றோரின் காம இச்சை வழியாகப் பிள்ளைக்குக் கடக்கிறது என்பது அவர் கணக்கு. ஞானஸ்நானம் பெறாமல் சாகும் குழந்தைக்கும் தண்டனை உண்டு, மிக லேசான தண்டனைதான் என்றாலும் உண்டு என்று எழுதினார்.

அன்றே இதற்கு எதிர்ப்பு இருந்தது. பெலாகியுஸ் என்ற துறவி, பிள்ளை குற்றமில்லாமல்தான் பிறக்கிறது, பிறகு கெட்ட முன்மாதிரியையும் பழக்கத்தையும் பார்த்துத்தான் பாவம் செய்யக் கற்றுக்கொள்கிறது என்றார். எக்ளானும் நகர ஆயர் ஜூலியான், வேறொருவன் செய்த குற்றத்துக்குப் பச்சைப் பிள்ளையைத் தண்டிக்கும் கடவுள் நீதியுள்ள கடவுளா என்று கேட்டார். 418-இல் கார்த்தேஜ் நகரில் கூடிய ஆயர் சங்கம் பெலாகியுஸ் தரப்பைக் கண்டித்தது. 1546-இல் திரெந்து நகரில் கூடிய பொதுச்சங்கம், ஆதாமின் பாவம் பிறப்பு வழியாகவே எல்லாருக்கும் வருகிறது, ஞானஸ்நானம் அதைப் போக்குகிறது என்று ஆணையிட்டது. கிழக்குத் திருச்சபைகள் ஆதாமால் சாவும் பலவீனமும் வந்தன என்று ஏற்றாலும், குற்றமே பரம்பரையாக வருகிறது என்பதை அகுஸ்தீன் சொன்ன விதத்தில் ஏற்கவில்லை. ஆக, 'கிறித்தவம் இப்படித்தான் சொல்கிறது' என்று ஒரே வாக்கியத்தில் முடிக்க முடியாது. விவாதம் கிறித்தவத்துக்கு உள்ளேயே இருந்தது, இருக்கிறது.

இந்தக் கோட்பாட்டில் ஒரு சமத்துவம் ஒளிந்திருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். பேரரசனும் அடிமையும் ஒரே ஆதாமின் பிள்ளைகள், ஒரே கறையோடு பிறந்தவர்கள். பிறப்பால் சுத்தமானவன் என்று ஒருவனும் நெஞ்சை நிமிர்த்த முடியாது. முகத்தில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்று பிரிக்கும் புருஷ சூக்தத்தின் பக்கத்தில் இதை வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும்.

ஆனால் சமத்துவம் அங்கேயே நின்றுவிட்டது. அகுஸ்தீனே தமது 'கடவுளின் நகரம்' என்ற நூலில், அடிமைமுறை இயற்கையானது அல்ல, பாவத்தின் தண்டனையாக வந்தது என்று எழுதினார். பாவம் எல்லாருக்கும் பொது. தண்டனையில் விலங்கு மாட்டப்பட்டது மட்டும் அடிமைக்கு. பிற்காலத்தில் ஐரோப்பிய அடிமை வணிகர்களும் அவர்களுக்கு வக்காலத்து வாங்கிய போதகர்களும் நோவாவின் கதையைக் கையில் எடுத்தார்கள். நோவா தன் பேரன் கானானுக்கு இட்ட சாபம் ஆப்பிரிக்கர் அனைவர் மேலும் பரம்பரையாக இறங்குகிறது என்று பிரசங்கம் செய்தார்கள். எல்லாருக்கும் பொதுவான கறை, அதிகாரம் உள்ளவன் கையில் சிலருக்கு மட்டுமான கறையாக மாறிவிடும். இதை நினைவில் வைத்துக்கொண்டு மதுரைக்கு வருவோம்.

மதுரையில் இரண்டு கறைகள்

1606-இல் ராபர்ட் டி நொபிலி என்ற இத்தாலிய சேசு சபைக் குரு மதுரைக்கு வந்தார். அவருக்கு முன்பே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துகீசியக் குரு மதுரையில் இருந்தார். முத்துக்குளித்துறையிலிருந்து வந்து போகும் பரவர் கிறித்தவர்களைக் கவனித்து வந்தார். மாட்டிறைச்சி தின்று, மது குடித்து, 'தாழ்ந்தவர்களோடு' பழகும் பரங்கியின் மதத்தில் மேல்சாதியார் சேரமாட்டார்கள் என்று நொபிலி முடிவு கட்டினார். காவி உடுத்தார். தனி வீடு, பார்ப்பனச் சமையல்காரர், மரக்கறி உணவு என்று வாழ்ந்தார். பெர்னாண்டஸிடமிருந்தும் விலகினார். தத்துவ போதகர் என்று பெயர் எடுத்தார்.

நொபிலிக்குத் தமிழில் இருந்த ஆற்றலை நாம் மறுக்கவில்லை. அவர் பெயரில் வழங்கும் நூல்களில் ஒன்று 'புனர்ஜென்ம ஆக்ஷேபம்'. மறுபிறப்பை மறுக்கும் நூல். முற்பிறவி வினையால்தான் ஒருவன் தாழ்ந்த குலத்தில் பிறக்கிறான் என்ற வாதத்தின் அடித்தளம் மறுபிறப்புதான். அதை ஒருவர் 17-ஆம் நூற்றாண்டு மதுரையில் தமிழில் மறுத்து எழுதினார் என்பது சாதாரணமல்ல. ஆனால் அடித்தளத்தைத் தாக்கிய அதே மனிதர் மேலே நின்ற கட்டடத்தைத் தொடவில்லை. சாதி என்பது மத விஷயம் அல்ல, உலக வழக்கம், குடிமைப் பழக்கம், ஆகவே கிறித்தவன் ஆனபிறகும் அதை வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் நிலை. பூணூல், குடுமி, சந்தனம் எல்லாவற்றுக்கும் ரோமில் அனுமதி கேட்டார். 1623-இல் திருத்தந்தை 15-ஆம் கிரகோரி அனுமதி கொடுத்தார். உயர்குலம் என்று பெருமை கொள்பவர்கள், குறைந்தபட்சம் கோயிலுக்குள்ளாவது எளியவர்களை அவமதிக்க வேண்டாம் என்ற வேண்டுகோளும் அந்த ஆவணத்தில் உண்டு. பூணூலுக்கு அனுமதி ஆணையாக வந்தது. நம் மக்களுக்கான மரியாதை வேண்டுகோளாக வந்தது.

இந்த வழியில் போனதன் விளைவு சீக்கிரமே தெரிந்தது. 1640 முதல் மதுரைப் பணியில் குருக்களே இரண்டு வகை ஆனார்கள். மேல்சாதியாருக்குப் பார்ப்பன சந்நியாசி வேடத்தில் ஒரு வகை. மற்றவர்களுக்குப் பண்டாரசாமிகள் என்று ஒரு வகை. ஒரே சபையில் சேர்ந்து, ஒரே வார்த்தைப்பாடு கொடுத்த குருக்கள் ஒருவரோடு ஒருவர் பந்தியில் உட்கார முடியாத நிலை.

இதற்குள் தமிழ்க் கத்தோலிக்கச் சொற்கள் உருவாகிக்கொண்டிருந்தன. ஆதாமிடமிருந்து வருவது சென்மப்பாவம். தானே செய்வது கர்மபாவம். அமலோற்பவம் என்ற பெயரைப் பாருங்கள். நம் சேரிகளில் எத்தனை பாட்டிமார்களுக்கு இந்தப் பெயர்! மலம் என்றால் கறை. கறையில்லாமல் உற்பவித்தவள் என்று பொருள். மரியாள் சென்மப்பாவம் இல்லாமல் கருவானாள் என்ற நம்பிக்கையின் தமிழ் வடிவம். 1854-இல் ரோம் அதைத் திருச்சபையின் கட்டாயக் கோட்பாடாக அறிவித்தது. கறையற்றவள் என்று பெயர் வைத்த பெண்ணையே தீட்டு என்று ஒதுக்கி, கோயிலின் ஓரத்தில் உட்காரச் சொன்ன ஊர் நம்முடையது.

எச்சில் பட்ட ஞானஸ்நானம்

இரண்டு கறைகளும் மோதிக்கொண்ட இடத்தை ஒரு சடங்கில் துல்லியமாகக் காட்டலாம். அன்றைய ரோமன் முறைப்படி ஞானஸ்நானத்தின்போது குரு தன் உமிழ்நீரைத் தொட்டுக் குழந்தையின் காதிலும் மூக்கிலும் வைக்க வேண்டும். இயேசு செவிடனைக் குணப்படுத்தியபோது செய்ததன் நினைவு அது. எச்சில் தீட்டு என்று மேல்சாதிக் கிறித்தவர்கள் முகம் சுளித்தார்கள். மதுரைப் பணிக் குருக்கள் அந்தப் பகுதியை விட்டுவிட்டார்கள். சென்மப்பாவத்தைக் கழுவும் சடங்கையே சாதித் தீட்டு திருத்தி எழுதிவிட்டது.

இன்னொரு பழக்கம் இதைவிடக் கொடியது. சாகக் கிடக்கும் பறையர் கிறித்தவரின் வீட்டுக்குள் போய் அவஸ்தைப்பூசுதல் கொடுக்கக் குருக்கள் மறுத்தார்கள். சேரிக்குள் கால் வைத்தால் மேல்சாதிக் கிறித்தவர்கள் குருவையே ஒதுக்கிவிடுவார்கள் என்பது காரணம். நோயாளியைத் தூக்கிக்கொண்டு கோயில் பக்கம் வர வேண்டும். அல்லது வெளியே ஓர் இடத்தில் கிடத்த வேண்டும்.

திருத்தந்தையின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த டூர்னோன், 1704-இல் இந்தப் பழக்கங்களில் பலவற்றைத் தடை செய்து ஆணை போட்டார். உமிழ்நீர்ச் சடங்கை விடக்கூடாது, பறையர் நோயாளியின் வீட்டுக்குக் குரு போயே ஆக வேண்டும் என்பன அதில் முக்கியமானவை. சேசு சபையார் எதிர்த்தார்கள். ரோமுக்கும் தமிழகத்துக்கும் இடையே 40 ஆண்டுகள் கடிதங்களும் முறையீடுகளும் போய்வந்தன. 1744-இல் திருத்தந்தை 14-ஆம் பெனடிக்ட் டூர்னோனின் ஆணையை உறுதி செய்தார். ஆனால் பறையர்களுக்கென்று தனியாகக் குருக்களை நியமித்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டையும் ஏற்றுக்கொண்டார். சேரிக்குப் போ என்ற ஆணை, சேரிக்கென்று தனி ஆள் வை என்பதில் வந்து முடிந்தது.

சமரசம் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் இந்த 1744-ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.

கோயிலுக்குள் வந்த சுவர்

தனிக் குரு என்று தொடங்கியது தனி இடம், தனி வாசல், தனிக் கல்லறை என்று போனது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டப்பட்ட கோயில் கால்சட்டை வடிவில் இருந்தது. வேளாளர் ஒரு காலில், நாடார் மறு காலில், நடுவே பீடம். ஒரு சாதியார் மற்ற சாதியாரைப் பார்க்காமலே பூசை காண வசதி. 1910-இல் கௌசானல் என்ற குரு அந்தப் பிரிவுச் சுவரை இடித்தார். வேளாளர் கிறித்தவர்கள் நீதிமன்றம் போனார்கள்; தோற்றார்கள். சுவரை இடிக்க ஒரு குருவுக்குத் துணிவு வர நொபிலி வந்ததிலிருந்து 300 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பிராட்டஸ்டண்டுகள் வேறு பாதை எடுத்தார்கள். 1833-இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், ஆங்கிலிக்கன் சபைகளில் சாதியைக் கைவிட வேண்டும் என்று கடிதம் அனுப்பினார். தஞ்சை, சென்னைச் சபைகளில் மேல்சாதியார் பலர் வெளியேறினார்கள். 1834-இல் மதுரையில் வேலை தொடங்கிய அமெரிக்க மிஷன், 1847-இல் ஒரு சோதனை வைத்தது. சபையில் இருக்க வேண்டுமானால் 'தாழ்ந்த' சாதியார் சமைத்ததை எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். உபதேசிமார் உட்படப் பலர் சாப்பிட மறுத்து விலகினார்கள். சென்மப்பாவத்தை வாயால் ஒத்துக்கொண்டு மண்டியிட்டவர்களுக்கு ஒரு கவளம் சோறு தொண்டையில் இறங்கவில்லை.

அந்த மிஷனும் புரட்சி செய்துவிடவில்லை. ஆனாலும் நாம் கவனிக்க வேண்டியது அந்தச் சோதனை முறையை. நீ எதை நம்புகிறாய் என்று கேட்டால் எல்லாரும் சரியான பதில் சொல்வார்கள். யார் கையால் சாப்பிடுகிறாய் என்று கேட்டால்தான் உண்மை வெளியே வரும்.

'பிறவிக் குற்றவாளி': அரசாங்கம் எழுதிய சென்மப்பாவம்

பிறவியிலேயே குற்றம் என்ற கருத்தை மதம் மட்டும் வைத்திருக்கவில்லை. 1871-இல் ஆங்கிலேய அரசு குற்றப் பரம்பரையினர் சட்டம் கொண்டுவந்தது. சாதித் தொழில் பரம்பரையாக வருவதுபோல் திருட்டும் பரம்பரையாக வரும் என்பது அதன் அடிப்படை. 1897-இல் செய்த திருத்தம், பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தனி முகாமில் வைக்கவும் வழி செய்தது. 1911-இல் புதிய சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பட்டியல் சாதியான குறவர் அந்தப் பட்டியலில் ஏறினார்கள். மதுரையை ஒட்டிய கீழக்குயில்குடியில் 1914-இல் தொடங்கி, பிரமலைக் கள்ளர் முழுவதையும் அது பிடித்தது. நம் பக்கத்தில் இதை ரேகைச் சட்டம் என்பார்கள். ஆண்கள் கைரேகை வைக்க வேண்டும். ஊரைவிட்டுப் போகச் சீட்டு வாங்க வேண்டும்.

எழுமலை வட்டாரத்தைச் சேர்ந்த பெருங்காமநல்லூரில் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறை சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் உயிரிழந்தார்கள். பிறந்ததற்காக எங்களைக் குற்றவாளி என்று எழுதாதே என்று சொல்லி உயிர் கொடுத்தவர்கள் அவர்கள். அந்த நினைவுக்கு நாம் தலை வணங்குகிறோம். சென்னை மாகாணத்தில் 1947-இலும், நாடு முழுவதும் 1952-இலும் சட்டம் போனது.

கிறித்தவ அமைப்பான இரட்சண்ய சேனை அரசாங்கத்தோடு சேர்ந்து இந்தக் குற்றப் பரம்பரை முகாம்களை நடத்தியது; ஆந்திரத்தின் ஸ்டூவர்ட்புரம் அதில் பேர்பெற்றது. எல்லாரும் பாவிகள், எல்லாரையும் இரட்சிக்கலாம் என்று பிரசங்கித்தவர்கள், சிலரை மட்டும் வேலிக்குள் வைத்து இரட்சிக்கும் வேலையை அரசிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள்.

கசப்பான பகுதி இனிமேல்தான். 1996-இல் உள்ளாட்சித் தேர்தலில் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் பத்தாண்டுகள் தேர்தலை நடக்கவிடவில்லை ஆதிக்க சாதியினர். வேட்புமனு போட ஆள் இல்லை; போட்டு வென்றவரும் உடனே ராஜினாமா செய்ய வைக்கப்பட்டார். 2006 அக்டோபரில்தான் தேர்தல் ஒழுங்காக நடந்தது. பிறப்பை வைத்துக் குற்றம் சுமத்தாதே என்று துப்பாக்கிக்கு முன்னால் நின்ற மண்ணிலேயே, பிறப்பை வைத்து ஒருவரை நாற்காலியில் உட்கார விடாத கொடுமையும் நடந்தது. அடிபட்டவன் அடிக்கமாட்டான் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

எழுமலைக்கு அருகே உள்ள உத்தப்புரத்தில் 1989 கலவரத்துக்குப் பிறகு பிள்ளைமார் தெருவுக்கும் தேவேந்திரர் தெருவுக்கும் நடுவே எழுப்பிய சுவர் எல்லாருக்கும் தெரியும். பின்னாளில் அதன் மேல் மின்கம்பியும் ஓடியது. தீண்டாமை ஒழிப்பு முன்னணியும் மார்க்சிஸ்ட் கட்சியும் தலித் இயக்கங்களும் போராடிய பிறகு, 2008 மே 6 அன்று அரசு நிர்வாகம் சுவரில் ஒரு பகுதியை இடித்துப் பாதை விட்டது. பாதை விட்டதை எதிர்த்து மறுதரப்பினர் ஊரைவிட்டு மலையடிவாரத்தில் போய் உட்கார்ந்தார்கள். 2011 நவம்பரில்தான் தலித் மக்கள் முத்தாலம்மன் கோயிலுக்குள் போக முடிந்தது. வடக்கன்குளத்துச் சுவரும் உத்தப்புரத்துச் சுவரும் வெவ்வேறு மதத்தார் கட்டியவை. செங்கல்லுக்கு அடியில் இருந்த எண்ணம் ஒன்றுதான்.

கழுவியாயிற்று என்கிறது அரசு, கழுவ முடியாது என்கிறது ஊர்

1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்து மதத்தைச் சாராதவரைப் பட்டியல் சாதியாகக் கருத முடியாது என்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவரும் இஸ்லாமியரும் இன்றும் வெளியே. அதாவது ஞானஸ்நானத் தண்ணீர் பட்ட உடனே தீட்டு போய்விடுகிறது என்று இந்திய அரசு நம்புகிறது. வாடிகனுக்குக்கூட இவ்வளவு நம்பிக்கை இருந்ததில்லை. 1985-இல் சூசை வழக்கில் உச்ச நீதிமன்றம், கிறித்தவத்துக்கு மாறிய பிறகும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்று காட்ட வேண்டும் என்று சொல்லி மனுவைத் தள்ளியது.

அதே நேரத்தில் தமிழக அரசின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலைப் பாருங்கள். பட்டியல் சாதியிலிருந்து கிறித்தவரானவர்கள், எந்தத் தலைமுறையில் மாறியிருந்தாலும், அங்கே இடம் பெறுகிறார்கள். எத்தனை தலைமுறை ஆனாலும் சாதி தொடர்கிறது என்பதை அரசே எழுத்தில் ஒத்துக்கொள்கிறது. பட்டியல் சாதி உரிமையை மட்டும் கொடுக்க மறுக்கிறது. 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம், மதத்தை அளவுகோலாக வைப்பதை நீக்கச் சொன்னது. 2022-இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஒன்றிய அரசு இன்னொரு ஆணையம் அமைத்தது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் தலித் கிறித்தவருக்கு இந்த உரிமையைக் கேட்டுத் தீர்மானம் போட்டது.

மறுபக்கம் ஊரும் சபையும். திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர். அன்றைய விழுப்புரம் மாவட்டத்து இறையூரில் 2008 மார்ச்சில் சம உரிமை கேட்ட தலித் கிறித்தவர்கள் தாக்கப்பட்டார்கள், வீடுகள் சேதமாயின. காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் 2 பேர் இறந்தார்கள். சாவு எல்லாருக்கும் பொது, அது ஆதாமின் பாவத்தால் வந்தது என்று மறைக்கல்வியில் சொல்லிக்கொடுக்கும் சபை, செத்த பிறகும் பிணங்களைச் சாதி பார்த்துப் பிரிக்கிறது.

கறைக்குப் பதில் வரலாறு

இதற்கு நம் முன்னோர் சொன்ன பதில் என்ன?

அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) 1907 முதல் நடத்திய 'தமிழன்' இதழில், பறையர் என்று இழிவுபடுத்தப்பட்டவர்கள் பழைய பௌத்தர்கள், பார்ப்பனியத்தை எதிர்த்ததால் தாழ்த்தப்பட்டார்கள் என்று வாதிட்டார். அண்ணல் அம்பேத்கர் 1948-இல் வெளிவந்த 'தீண்டப்படாதவர்கள்' நூலில், தீண்டாமை ஒரு காலகட்டத்தில் தோன்றியது, அதற்குக் காரணங்கள் உண்டு என்று காட்ட முயன்றார். இவர்களின் ஒவ்வொரு சான்றையும் இன்றைய ஆய்வாளர் ஏற்கலாம், மறுக்கலாம். அவர்கள் செய்த அடிப்படைக் காரியம் முக்கியமானது. பிறப்போடு வந்தது என்று சொல்லப்பட்ட ஒன்றுக்குத் தேதி கேட்டார்கள். தொடங்கிய தேதி உள்ள எதற்கும் முடியும் தேதி வைக்கலாம்.

'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் அம்பேத்கர் முற்பிறவிக் கர்மக் கோட்பாட்டைக் கடுமையாக மறுத்தார். ஒருவனின் துன்பத்துக்கு அவன் முற்பிறவியே காரணம் என்றால், சமூகத்துக்கும் அரசுக்கும் எந்தப் பொறுப்பும் இல்லாமல் போய்விடும் என்பது அவர் வாதம். சென்மப்பாவத்தையும் இதே உரைகல்லில் உரசிப் பார்க்கலாம். அது பொறுப்பைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா?

கிறித்தவத்துக்குள்ளிருந்தும் பதில் வந்தது. 1981-இல் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியில் அர்விந்த் நிர்மல் ஆற்றிய உரையிலிருந்து தலித் இறையியல் என்ற ஓட்டம் புறப்பட்டது. மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பரட்டை என்று அழைக்கப்பட்ட தியோபிலஸ் அப்பாவு, பறை இசையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். ஒரே உலையில் பொங்கி எல்லாரும் சேர்ந்து தின்பதே இறையாட்சி என்றார். பாமாவின் 'கருக்கு' 1992-இல் மதுரையிலிருந்துதான் வெளிவந்தது. மடத்துக்குள் இருந்த சாதியை ஒரு தலித் பெண் தமிழில் எழுதிக் காட்டினார். இவர்களிடம் பாவம் என்பது ஒவ்வொரு பிள்ளையின் இரத்தத்திலும் ஓடும் அழுக்கு அல்ல. மனிதர் கட்டியெழுப்பி, பிள்ளைகளைப் பிறந்த நாளிலிருந்தே அதற்குள் வளர்க்கும் அமைப்பு. பெலாகியுஸ் சொன்ன முன்மாதிரியும் பழக்கமும் என்பது இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது.

பைபிளிலேயே இதற்கு இடம் உண்டு. தகப்பன் குற்றத்தை மகன் சுமக்கமாட்டான் என்கிறது எசேக்கியேல் 18-ஆம் அதிகாரம். பிறவிக் குருடனைக் காட்டி, இவன் இப்படிப் பிறக்க யார் செய்த பாவம், இவனா இவனைப் பெற்றவர்களா என்று சீடர்கள் கேட்டபோது, இருவரும் இல்லை என்று இயேசு சொன்னதாக யோவான் 9-ஆம் அதிகாரம் சொல்கிறது.

கேட்க வேண்டிய கேள்விகள்

கல்லறைச் சுவரைப் பற்றிப் பேசப் போகும்போது நமக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "நாம் எல்லாருமே பாவிகள்தானே, மன்னித்து ஒன்றாகப் போவோம்." இந்த வாக்கியத்தை எச்சரிக்கையோடு கேளுங்கள். எல்லாருக்கும் பொதுவான பாவத்தைச் சொல்லி, சிலர் செய்யும் குற்றத்தை மறைக்கும் வேலை இது. சுவரைக் கட்டியவனும் சுவருக்கு அப்பால் புதைக்கப்பட்டவனும் ஆதாமின் பிள்ளைகள் என்பது சரி. சுவரைக் கட்டியது ஆதாம் அல்ல. எந்த ஆண்டு, எந்தப் பங்குக்குரு காலத்தில், யார் பணத்தில் கட்டினார்கள்? ஊர்ச் சுவராக இருந்தால், எந்த ஊராட்சித் தீர்மானத்தில், எந்த அதிகாரி கண்ணை மூடிக்கொண்டிருந்தபோது? இவற்றுக்கு விடை கிடைக்கும்.

பரம்பரைக் குற்றம் வேறு, பரம்பரைப் பொறுப்பு வேறு. ஆதிக்க சாதியில் பிறந்த ஒரு கல்லூரி மாணவர் குற்றவாளியாகப் பிறக்கவில்லை. அப்படிச் சொன்னால் 1871-ஆம் ஆண்டுச் சட்டத்தை நாமே மறுபடி எழுதுகிறோம் என்று அர்த்தம். ஆனால் தாத்தா கட்டிய சுவரின் நிழலில் அவர் இன்று குளிர்ச்சியாக உட்கார்ந்திருந்தால், அதை இடிக்கும் கடமை அவருக்கு உண்டு. இதே அளவுகோல் நமக்கும்தான். பள்ளர், பறையர், அருந்ததியர் என்று நமக்குள்ளேயே பெண் கொடுக்காமல், பந்தியில் தள்ளி உட்கார வைக்கும் வீடுகள் இருக்கின்றன. அந்த வீடுகளில் 1847-இன் சோற்றுச் சோதனையை வைத்துப் பார்க்க வேண்டியவர்கள் நாம்தான்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டம், சுடுகாடு, கோயில் வாசல், தேர் ஓடும் தெரு ஆகியவற்றை ஒரு தாளில் வரையுங்கள். எங்கெங்கே பிரிவு இருக்கிறது என்று குறியுங்கள். ஊரில் வயதானவர்களிடம் போய் ஒவ்வொரு பிரிவும் எப்போது வந்தது என்று கேட்டுத் தேதியை எழுதுங்கள். "ஆதியிலிருந்தே இப்படித்தான்" என்று சொல்வார்கள். அதற்கு முந்தின தலைமுறையின் பெயரைக் கேளுங்கள், பத்திரத்தைக் கேளுங்கள், கல்வெட்டைப் பாருங்கள். அந்தத் தாளோடு அடுத்த படிப்பு வட்டத்துக்கு வாருங்கள். மனு எழுதும் வேலையை அங்கிருந்து தொடங்குவோம்.